வாய்க்கு ஒருசந்தி

இந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில், பந்தல்குடிச் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் நான் ஒரு வீரச்செயல் புரிந்தேன்.

வீரம் என்றால் கத்தி, கம்பு எல்லாம் இல்லை. எனக்கு எதிரே புத்தம் புதிய ஃபிளெக்ஸ் பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆளுயர அன்னாசிப் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘இங்கு சுத்தமான பளச்சாறு கிடைக்கும்’.

பார்த்தேன். படித்தேன். தேநீரைக் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை!

கடைக்காரர்தான் பதறிப்போனார்.

“என்ன சார், மொகமே சரியில்ல? டீல எறும்பு கிறும்பு கெடக்கா?”

“இல்லை.”

“சீனி கம்மியா?”

“இல்லை.”

“பெறகு என்னத்துக்கு அந்தப் போர்டையே மொறைக்கீக? நம்ம மச்சினன் டிசைன் பண்ணது சார். எப்படி இருக்கு?”

நீங்களே சொல்லுங்கள்... பாலைவனத்தில் நோன்பிருந்தவருக்கு வந்த சோதனையைவிட இது எந்த வகையில் குறைந்தது?

“படம் நன்றாக இருக்கிறது” என்றேன். பொய்யில்லை. அன்னாசி அழகாகத்தான் இருந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். சோற்றில் கல் கிடந்தால்கூட ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டுவிடுவேன். சொல்லில் பிழை கிடந்தால் ஒதுக்கத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையை வாங்கினால் மணமக்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கொடுத்தவர் வாசல் தாண்டுவதற்குள் கூப்பிட்டுச் சொல்லியும் விடுவேன்.

இந்த வியாதிக்கு மருந்து சொன்னவர் என் மனைவி பிலோமினா. திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியதும் பேச்சை ஆரம்பித்தார்.

“ஏங்க, போன மாசம் துட்டி கேக்கப் போன வீட்டுல என்ன செஞ்சீக?”

“என்ன செய்தேன்?”

“அப்பாவப் பறிகுடுத்துட்டு நிக்கிற பிலவேந்திரன் டெய்லர்கிட்டப் போயி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல ஒற்று விட்டுப்போச்சுன்னு சொன்னீக. பாவம், அவரு மேளக்காரவுகள்ல ஒத்து ஊதுறவரு வரலையாக்கும்னு வாசல எட்டிப் பாத்தாரு!”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“சிரிக்காதீக. வருசா வருசம் சோத்துக்கு ஒருசந்தி இருக்கீக. என்னத்தக் கண்டீக? இடுப்புத்தேன் கொறையுது. இந்த வருசம் வாய்க்கு ஒருசந்தி இருங்க. ஈஸ்டர் வரைக்கும் யாரையும் திருத்தக் கூடாது.”

ஒருசந்தி என்பது எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் புழங்கும் பழைய சொல். நாளுக்கு ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் வயிற்றுக்குப் பொறுமை. என்னைப் போன்ற இலக்கணக்காரனுக்குச் சந்தி என்றால் வேறு பொருள். இரண்டு சொற்கள் சேருமிடத்தில் வல்லினம் மிகுமா மிகாதா என்னும் தீராத வழக்கு. ஆக, இந்த நோன்பில் எனக்கு விலக்கப்பட்ட பண்டமே சந்திதான். சொல்லின் இந்த விளையாட்டை ரசித்து, வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிய பிறகுதான் தெரிந்தது, வயிறு எத்தனை சாதுவான உறுப்பு என்று.

வயிறு பசித்தால் ஒரு செம்பு நீர் கேட்கும், கொடுத்தால் அடங்கிவிடும். வாய் அப்படியா? அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரின் தவறு வேண்டும். எதிர் வீட்டுக்காரரின் உளறல் வேண்டும். கிடைக்காவிட்டால் உள்ளே இருந்துகொண்டு பல்லைக் கடிக்கும். கிறிஸ்துவைப் போல் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். சரிதான். அவரைப் போலப் பட்டினி கிடக்கிறோம். அவரைப் போல முழந்தாளிட்டு வேண்டுகிறோம். ஆனால் அவரைப் போல மனிதர்களைப் பொறுத்துக்கொள்வது மட்டும்... அடுத்த வருடத் தவக்காலத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது!

பிலோமினா என்னைச் சும்மா விடவில்லை. சமையற்கட்டிலிருந்து வேண்டுமென்றே குரல் வரும். “ஏங்க, கிளங்கு அவிக்கவா, வாளைப்பளம் திங்கிறீகளா? பொளுது போயிருச்சு பாருங்க!” எங்கள் பக்கத்தில் ழகரத்தை நாக்கு அவ்வளவாக மதிப்பதில்லை. ழ, ள இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அவர் அதையும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார். நான் வாளைப்பளத்தையே வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்படி ஓரளவு தேறிக்கொண்டிருந்த வேளையில்தான் ஃபாதர் ஓர் அறிவிப்புச் செய்தார்.

என் மனைவி பிறந்த ஊர், திருச்சுழி போகும் வழியில் இருக்கிறது. நாங்கள் அருப்புக்கோட்டையில் குடியிருந்தாலும் ஞாயிறு பூசைக்கு அந்த ஊர்க் கோயிலுக்குத்தான் போவது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளை, அவர் பிடிபட்டது முதல் சிலுவைச் சாவு வரை, குரல் பிரித்து வாசிப்பார்கள். இயேசுவின் சொற்கள் ஃபாதருக்கு. மற்றவர்களின் சொற்கள் பாடகர் குழுவுக்கு. நிகழ்ச்சிகளைச் சொல்லிச் செல்லும் நீண்ட பகுதி ஒருவருக்கு. அந்த ஒருவர் பல வருடங்களாக நான்தான்.

“இந்த ஆண்டு அந்தப் பகுதியை அருளப்பன் வாசிப்பார்” என்றார் ஃபாதர்.

கோயிலுக்குள் ஒரு சலசலப்பு. எனக்குள்ளும்தான்.

அருளப்பன் என் மனைவியின் தம்பி. லோடு வண்டி ஓட்டுகிறார். ஃபாதர் ஊருக்குப் புதியவர். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு இவருடைய வண்டியில் ஏறி வந்திருக்கிறார். வழி நெடுக இவர் பேசியதைக் கேட்டு அந்தக் குரலில் சொக்கிப்போயிருக்கிறார். முன்பு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

முன்பு என்ன நடந்தது?

ஒரு கிறிஸ்துமஸ் பூசையில், குடும்பங்களுக்கான மன்றாட்டை வாசிக்க அருளப்பனை அழைத்தார்கள். ‘எங்கள் குடும்பங்களை ஒளிமயமாக்கும்’ என்று தாளில் இருந்தது. சாதாரணப் பேச்சில் அவருக்கு ழகரமே கிடையாது. மழையும் மளைதான், கோழியும் கோளிதான். ஆனால் மைக்கைக் கண்டதும் பயம் வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் மடித்து வைத்த நல்ல பாயை எடுத்து விரிப்பதில்லையா? அதுபோல அவர் ழகரத்தை எடுத்து எல்லா இடத்திலும் விரித்துவிட்டார்.

“ஆண்டவரே, எங்கள் குடும்பங்களை ஒழிமயமாக்கும்!”

மன்றாட்டு முடிந்தால் ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று எல்லாரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும் அல்லவா? பழக்க தோஷம்... கோயில் முழுவதும் ஒரே குரலில், உருக்கமாகச் சொல்லிவிட்டது!

பிறகுதான் பாடகர் குழுவில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். அன்று முதல் ஊரில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. “ஏலே ஒழிமயம், லோடு ஏத்தியாச்சா?” “ஒழிமயம் வண்டி வருது, வளி விடுங்கப்பா!” குழாயடியில் அவர் மனைவி ஜெசிந்தாவின் காதுபடவே சொன்னார்கள். அதிலிருந்து அருளப்பன் மனைவியைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவதோடு சரி. பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில், தம் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பார். மழையோ வெயிலோ, உள்ளே வர மாட்டார்.

அறிவிப்பு வந்த அன்று மாலையே, வாசிக்க வேண்டிய தாள்களைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அத்தான், முடியாதுன்னு சொல்லிட்டு வரத்தேன் ஃபாதர்கிட்டப் போகப் பாத்தேன். ஜெசிந்தா அளுதுட்டா. ‘ஒருதரம் உள்ள வந்து நில்லுங்க, பெறகு ஒங்க இஷ்டம்’ங்கா. சரி, நிக்கிறேன். ஆனா இந்தவாட்டியும் சிரிச்சாகன்னா... நான் அந்த வேப்பமரத்துக்கும் வரமாட்டேன் அத்தான். கோயிலுக்கும் எனக்கும் முடிஞ்சுபோச்சு. நீங்கதேன் திருத்திக் குடுக்கணும்.”

திருத்திக் கொடுக்க வேண்டுமாம்! ஊரெல்லாம் நான் திருத்தும்போது வேண்டாம் வேண்டாம் என்று ஓடியது. நான் வாயைக் கட்டிய வருடத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் தேடி வந்து கேட்கிறார்.

“வாசியுங்கள் மாப்பிள்ளை” என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். நல்ல பாய் விரிந்தது.

யூதாசுக்கு ‘வெழ்ழிக்காசு’ கொடுத்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இயேசுவைப் பிடிக்க ‘ஆழ்கள்’ வந்தார்கள். நான் விரலைக் கடித்தேன். அப்போது, இயேசுவோடு இருந்தவர்களில் ஒருவர் வாளை உருவ வேண்டிய இடம் வந்தது. அருளப்பனின் குரலில் ஆவேசம் ஏறியது.

“வாழை உருவி...!”

கெத்சமனித் தோட்டத்தில் ஒரு சீடர் குலையோடு வாழையை உருவிக்கொண்டு நிற்பது என் கண் முன்னால் வந்தது. இருமல் வந்ததுபோல் நடித்தேன்.

“சரியா இருக்கா அத்தான்?”

“நன்றாக இருக்கிறது.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“நான் நோன்பில் இருக்கிறேன் மாப்பிள்ளை. யாரையும் திருத்துவதில்லை.”

அவர் எழுந்தார். “ஊருக்கெல்லாம் திருத்துவீக. எனக்கு மட்டும் நல்லாருக்குன்னா... சரித்தான். வாரேன் அத்தான்” என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். காப்பியைக்கூடத் தொடவில்லை.

அந்தக் காப்பித் தம்ளரை எடுக்க வந்த பிலோமினா, எடுக்காமல் நின்றார்.

“நோன்பை முறிக்கவில்லை, பார்த்தாயா?” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“இதுக்குப் பேரு ஒருசந்தியா? ஒங்க எடத்த எந்தம்பிக்குக் குடுத்துட்டாகன்னு கடுப்பு ஒங்களுக்கு. அவன் அங்க போயி வாழைய உருவட்டும், ஊரே சிரிக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கீக. அன்னைக்கு வாயத் தொறந்து பிலவேந்திரன் டெய்லர நோகடிச்சீக. இன்னைக்கு வாய மூடி ஒருத்தன நோகடிச்சிருக்கீக.”

தம்ளரை நானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.

எதற்காக அந்த நோன்பை எடுத்தேன்? பிறர் மனம் நோகாமல் இருக்க. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? ஒரு மனிதனை நோகடித்துவிட்டு, விதியைக் காப்பாற்றிவிட்டேன் என்று மார்தட்டினேன். ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கக் கூடாது என்று இயேசுவிடம் வாதாடிய பெரியவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள்... சட்டம் சுத்தமாக, முகம் கடுகடுப்பாக.

மறுநாள் காலை, அருளப்பன் லோடு ஏற்றும் இடத்தைப் பிலோமினாவிடம் கேட்டுக்கொண்டு, திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். “திருச்சுளி! திருச்சுளி எறங்கு!” என்றார் நடத்துநர். வழக்கமாக அங்கே முகம் சுளிப்பவன் நான். அன்று மறந்துவிட்டேன்.

ஊருக்கு வெளியே, சீமைக்கருவேல விறகை எரித்துக் கரியாக்கும் இடத்தில் அருளப்பனின் வண்டி நின்றது. பாதி லோடு ஏற்றியாகிவிட்டது. மூட்டை தூக்குபவர்கள் கரி படிந்த முகங்களோடு வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அருளப்பன் நடுவில். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

“பேப்பர்ல அப்படி என்னண்ணே இருக்கு, அதையே பாத்துக்கிட்டு இருக்கீக?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. கதை ஓடிக்கொண்டிருந்தது.

“...அவரப் புடிச்சுக் கொண்டுபோய்ட்டாக. கூட இருந்த பயலுக அம்புட்டும் ஓடிட்டாய்ங்க. இந்தப் பேதுரு மட்டும் பின்னாடியே போயி, பெரிய குரு வீட்டு முத்தத்துல ஓரமா ஒக்காந்துட்டாரு. ‘நீயும் அவன் கூட்டந்தானே?’ன்னு கேட்டுட்டாக. ‘யாரு, நானா? அந்தாளு யாருன்னே தெரியாதுப்பா’ங்காரு!”

“அடப்பாவி!” என்றார் ஒருவர்.

“விடுவாய்ங்களா? ‘ஏலே, யாருகிட்டக் கத விடுற? நீ வாயத் தொறந்தாலே தெரியுதே, கலிலேயாக்காரன்னு! ஒம் பேச்சே காட்டிக் குடுக்குதுல்ல?’ன்னு புடிச்சுக்கிட்டாய்ங்க.”

“நம்ம மெட்ராசுக்குப் போயி வாயத் தொறந்தா, ‘மதுரப் பக்கமா’ன்னு கேப்பாய்ங்களே, அப்படியாண்ணே?”

“அதேதேன்! அப்படியேதேன்! அந்நேரம் பாத்துச் சேவல் கூவிருச்சு. முன்னாடியே அவரு சொல்லியிருந்தாரு, நீ இப்படிச் செய்வேன்னு. அது நெனப்பு வந்துருச்சு. மனுசன் வெளிய போயி அளுதாரு பாரு... தேம்பித் தேம்பி அளுதாரு.”

கரிமூட்டை ஒன்றிலிருந்து தூள் உதிரும் சத்தம்கூடக் கேட்டது.

“பெறகு அவரு இவர மன்னிச்சாரா இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார், மாரியம்மன் கயிறு கட்டிய கையோடு ஒருவர்.

நான் அப்படியே நின்றேன். அந்தப் பகுதியை எத்தனை வருடம் வாசித்திருக்கிறேன்! ஒவ்வொரு ழகரமும் மணி அடித்ததுபோல் ஒலித்திருக்கும். ஆனால் என் வாசிப்பைக் கேட்டு யாராவது ‘பெறகு?’ என்று கேட்டதுண்டா?

இன்னொன்றும் உறைத்தது. பேதுருவின் பேச்சு அவர் ஊரைக் காட்டிக் கொடுத்தது என்றால், அதே ஊர்ப்பக்கம் வளர்ந்த இயேசுவின் பேச்சு எப்படி இருந்திருக்கும்? அவரும் வட்டார வழக்கில்தானே பேசியிருப்பார்! தலைநகரத்துப் பண்டிதர்கள் அதைக் கேட்டு முகம் சுளித்திருப்பார்கள். மீனவர்களோடு ஊர் ஊராக நடந்தார். அவர்களுடைய அவசரத்தைத் திருத்தினார், பதவி ஆசையைத் திருத்தினார். உச்சரிப்பைத் திருத்தினார் என்று எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை.

“மாப்பிள்ளை” என்று கூப்பிட்டேன்.

“அத்தான்! இங்க எங்க வந்தீக, இந்த வேனாவெயில்ல?”

“திருத்த வந்தேன். ஒரே ஒரு திருத்தம்தான். ழ வேண்டாம்.”

“எந்த எடத்துல?”

“எந்த இடத்திலும். இப்போது இவர்களுக்குச் சொன்னீர்களே, அந்த நாக்கோடு வாசியுங்கள். மைக்குக்காக ஒன்றும் மாற்றாதீர்கள்.”

அருளப்பன் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. “வெயிலு ஒத்துக்கிரலையா அத்தான்? நீங்களா ழ வேணாங்கீக? தமிளு கெட்டுப்போகாது?”

“தமிழ் பிழைத்துக்கொள்ளும். அந்தச் சீடர் கையில் வாள் இருக்க வேண்டும். அதுதான் இப்போது முக்கியம்.”

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தாளை விரித்து, அந்த வரியைத் தேடி, முதலில் மைக் தமிழிலும் பிறகு தம் தமிழிலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “வாழை... வாளை... ஆத்தீ! வாழையவா உருவினேன் நேத்து?” என்றார். வண்டி நிழலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தம்மைப் பற்றி அவரே சிரித்து நான் பார்த்தது, அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அன்றுதான்.

சென்ற ஞாயிறு, குருத்து ஞாயிறு. கோயில் நிரம்பி வழிந்தது. கையிலிருந்த குருத்தோலைகளால் விசிறியும் வியர்த்தது. அருளப்பன் வெள்ளைச் சட்டையோடு மைக்கின் முன்னால் போய் நின்றார். பின்வரிசையில் யாரோ ‘ஒழி’ என்று மெல்ல ஆரம்பிக்க, யாரோ ‘உஷ்’ என்றார்கள். ஜெசிந்தா தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த ஓலையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அருளப்பன் தொடங்கினார்.

முதல் வரியிலேயே ஒரு ழகரம் ளகரமாயிற்று. பசித்த வயிறு இழுத்துப் பிடிப்பதுபோல என் காது இழுத்தது. பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்காசு வெள்ளியாகவே வந்தது. ஆள்கள் ஆள்களாகவே வந்தார்கள். சீடர் வாளைத்தான் உருவினார். பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

பேதுரு முற்றத்தில் உட்கார்ந்த இடத்தில் அருளப்பன் தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். கரிமூட்டைகளுக்கு நடுவில் இருந்த அதே குரல். பேச்சே காட்டிக் கொடுக்கும் அந்த இடத்தில் கோயிலில் ஓர் அசைவும் இல்லை. சொல்பவரும் கேட்பவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தார்கள். சேவல் கூவியது. பேதுரு வெளியே போனார். போய்...

“அளுதார்” என்றார் அருளப்பன்.

யாரும் சிரிக்கவில்லை. துக்கம் வந்தால் இந்த ஊரில் அப்படித்தானே செய்கிறார்கள்? எனக்கு முன்னால் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு நான் எழுத்துகளைக் கவனிக்கவில்லை.

வாசித்து முடித்ததும் அவர் வாசலைப் பார்த்து இரண்டடி நடந்தார். ஜெசிந்தா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அருளப்பன் நின்றார், பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, அன்று முதலில் சிரித்த பாடகர் குழுக்காரரே வந்து அவர் தோளில் கை போட்டார். “அருளப்பா, கலங்கடிச்சுட்டப்பா” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கவனியுங்கள்.

அருளப்பன் நேராக என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தாலும் கண்ணில் பழைய பயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“அத்தான், மறைக்காமச் சொல்லுங்க. எங்கயாச்சும் தப்பு இருந்துச்சா?”

“தெரியவில்லை மாப்பிள்ளை. கவனிக்க முடியவில்லை. நானும் அளுதேன்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நாக்கை மேலண்ணத்தில் பதமாக வளைத்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி மரியாதையாகச் சொன்னார்:

“அத்தான்... அது ‘அழுதேன்’.”

திருத்திக்கொண்டேன்.